பன்னிரண்டாவது நத்தை

அனிலாவ் கடற்கரையில் ஓடில்லாத கடல் நத்தைகளை ஆராயும் டாக்டர் விர்ஹிலியோவிடம் மனைவி எஸ்தேர் பேசி நான்கு நாளாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலை படகுக்காரர்கள் அவருக்கு ஒரு நத்தையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இதுவரை யாருமே விவரித்து எழுதாத இனம். விரல் நீளம்கூட இல்லை. மதியத்துக்குள் செத்துவிடும் போலிருந்தது. செத்தால் நிறமெல்லாம் வெளுத்துவிடும்.

நத்தை இருந்த தட்டோடு சமையலறைக்கு ஓடினார்.

"எஸ்தேர், கொஞ்சம் பாரேன்."

"உங்க நத்தைய நீங்களே பாருங்க."

"என் தப்புதான். முதுகு எப்படி இருக்கு, சொல்லு."

"பதினோரு நத்தைக்குச் சொன்னேன். ஒரு கட்டுரையிலயாவது என் பேரு வந்துச்சா?"

"இதுல வரும்."

"எங்க? கடைசியில, நன்றி சொல்ற எடத்துலயா?"

"மொதல்ல உன் பேரு. அப்புறம்தான் என்னோடது."

"அத இப்பவே எழுதுங்க."

எழுதிக் காட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு தட்டின் மேல் குனிந்தாள்.

"முதுகு ஊதா உபே கிழங்கு அல்வா நிறம். ஓரம் முக்கால் பழுத்த மாம்பழம். கொம்பு நுனி மட்டும் வெட்டின தர்பூசணி."

அவர் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

'நிறங்களை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் கண் உலகில் வேறு யாருக்கும் இல்லை' என்று போன வாரம்தான் ஓர் ஆய்விதழ் அவரைப் புகழ்ந்திருந்தது. அதை அவளிடமே வாய்விட்டுப் படித்துக் காட்டினார். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள்.

விர்ஹிலியோவுக்குப் பிறந்ததிலிருந்தே சிவப்பும் பச்சையும் ஒன்றுதான்.