மூன்று மிதி

கடைசி வீல் நட்டையும் முறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

"இன்னொரு சுத்து," என்றான் கனகராஜ்.

வாசலில் நாற்காலி. அதன் முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூலின் மேல் மாவுக்கட்டு போட்ட வலது கால். கணவன் என்கிற மீதி ஆள் நாற்காலியில்.

காலையிலிருந்து அங்கே உட்கார்ந்துதான் வேலை வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரமாகவே காரில் பிரேக் போட்டால் இரும்பும் இரும்பும் உரசிக் கத்தியது. பிரேக் பேட் தேய்ந்து வெறும் தகடாகியிருந்தது. மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போன மெக்கானிக் இன்னும் திரும்பவில்லை. நாளைக் காலை மேட்டுப்பாளையத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மலை இறங்கும் வழியெல்லாம் வளைவு. பஸ்ஸில் போனால் கட்டுப் போட்ட காலை எவன் மிதிப்பானோ.

"பதினஞ்சு வருசமா நான்தானே மாத்தறேன்? சொல்றதச் செய்யி, போதும்," என்று காலையில் ஆரம்பித்து வைத்தான்.

செய்தாள்.

சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே இருந்த இரும்புக் கவ்வியைத் தூக்கி, பழைய பேடை உருவினாள். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் புதியது நுழையும். தள்ளினாள். அவன் ஒன்றையும் விடவில்லை. எந்த ஸ்பேனர், எந்தப் பக்கம் முறுக்கு, எல்லாம் சொன்னான். பிஸ்டனைத் தள்ளும்போது மூச்சை அடக்காதே என்றுகூடச் சொன்னான்.

பிரசவத்தின்போது பக்கத்தில் இல்லாத மனிதன்.

முன் சக்கரம் இரண்டும் முடிந்தது. தெருவில் இறக்கி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று கேட்டைத் திறக்கப் போனாள்.

"ஏ புள்ள, வேல பாத்த வண்டி. எலுமிச்சம்பழம் வெக்காம வெளிய எடுக்காத."

"ஏனுங்க, என் வேல மேல நம்பிக்கை இல்லைங்களா?"



முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்குப் போய் நான்கு பழம் எடுத்து வந்தாள். நாளைக்குக் கட்டுச்சோறு கிளற வைத்திருந்தவை. நான்கு டயருக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக வைத்துவிட்டு, கேட்டை அப்புறம் திறக்கலாம் என்று ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருகினாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

வாசல் கேட்டை நோக்கிச் சரிவு. வண்டி தானாகவே நகர்ந்தது.

பழங்கள் நசுங்கின.

பிரேக்கை மிதித்தாள்.

பெடல் போனது.

போய்க்கொண்டே இருந்தது.

தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

 மூடிய கேட் பெரிதாகிக்கொண்டே வந்தது. கை மட்டும் எப்படியோ ஹேண்ட் பிரேக்கைத் தேடிப் பிடித்து, பிடுங்கி எடுப்பதுபோல் இழுத்தது.

நின்றது.

கேட்டுக்கும் வண்டிக்கும் ஒரு சாண்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் செங்குத்தான இறக்கம். இறக்கம் முடிகிற இடத்தில் பால் சொசைட்டி. இந்நேரம் கேனோடு பத்துப் பேராவது வரிசையில் நிற்பார்கள்.

எஞ்சினை அணைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

தொம். தொம். தொம்.

திரும்பினாள். ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. மாவுக்கட்டுக் கால் கீழே இறங்கி, சிமெண்டுத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. கனகராஜ் தன் காலையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான், வேறு யாருடையதோ என்பதுபோல்.

"மிதி," என்றான்.  "மூணு தரம். விட்டு விட்டு மிதி."

மிதித்தாள். பெடல் சொதசொதவென்று இறங்கியது.

மறுபடி. பாதியில் நின்றது.

மறுபடி.

கல் மாதிரி நின்றது.

உள்ளே தள்ளிய பிஸ்டன் தானாகத் திரும்பி வந்து பேடைத் தொடாது. மிதித்து மிதித்துத்தான் வரவழைக்க வேண்டும். பதினைந்து வருடமாக வேலை முடித்துச் சீட்டில் ஏறியதும் அவன் கால் அவனைக் கேட்காமலே அதைச் செய்துகொண்டிருந்தது. அவன் சொல்ல மறக்கவில்லை. அப்படி ஒரு வேலை இருப்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். சிரிப்புக்குள் அழுகையும் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் மாட்டியதெல்லாம் சரி. எதுவும் தப்பில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"கால் வலிக்குதுங்களா?"

"இல்ல."

பொய் என்று முகமே சொன்னது. ஸ்டூலை நிமிர்த்தி, காலைத் தூக்கி வைத்துவிட்டு வந்தாள். பிறகு கேட்டைத் திறக்காமலே வண்டியை முன்னும் பின்னும் எடுத்தாள். எத்தனை தடவை என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் நினைத்த இடத்தில் நின்றது.

மறுநாள் காலை மலை இறங்கினார்கள்.

முதல் வளைவில் அவன் மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். இரண்டாவதில், "செகண்ட் கியர் போடு," என்றான். அவள் ஏற்கெனவே போட்டிருந்தாள். அடுத்ததில் லாரிக்கு ஹாரன் அடிக்கச் சொன்னான். அடித்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வளைவு போயிற்று. மூன்று போயிற்று.

கோபமா, கால் வலியா என்று தெரியவில்லை. கொஞ்சம் நேரான சாலை வந்ததும் பக்கத்தில் பார்த்தாள்.

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த வளைவுக்கு வெகு தூரம் இருக்கும்போதே பிரேக்கைத் தொட்டாள். அழுத்தவில்லை. அவன் தலை அசையாத அளவுக்கு.