வேனைக் காத்த எலுமிச்சம்பழம்

படுக்கையும் அடுப்பும் வைத்த ஒரு பழைய வேன், கடல் பார்க்கக் கிளம்பி நாலு நாளாகிறது. பள்ளத்தில் இறங்கினால் போதும், எஞ்சின் நின்றுவிடும். ஒர்க்‌ஷாப்பில் மட்டும் சமர்த்தாக ஓடும்.

மெக்கானிக் அன்வர், முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழக் கயிற்றை மரியாதையாகக் கழற்றி வைத்துவிட்டு பானெட்டைத் திறந்தார். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். மேடு பள்ளமெல்லாம் ஓட்டிவிட்டு வந்தார்.

"ஒரு குறையும் இல்லீங்களே" என்றார்.

"அப்ப கண்ணுதான் பட்டிருக்கு" என்றார் வண்டிக்காரர் உலகநாதன். இன்னும் ரெண்டு பழம் கோத்து, கிரில்லுக்குள் தெரிந்த, முன்பு கட்டியிருந்த அதே ஒயரில் கயிற்றை இறுகக் கட்டினார்.

"பயப்படாதே, நான் இருக்கேன்" என்றது பழைய பழம்.

"அதான் பயமா இருக்கு" என்றது ஒயர்.

அடுத்த பள்ளத்தில் பழங்கள் ஆடின. ஒயர் இழுபட்டுக் கழன்றது. எஞ்சின் நின்றது. ஆட்டம் அடங்கியதும் ஒயர் மெல்லத் தன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"எவ்வளவு பொல்லாத கண்ணு பார்த்தியா" என்றது பழம். "நான் மட்டும் இல்லேன்னா இந்த வண்டி என்ன ஆகியிருக்கும்?"

"இந்நேரம் கடலைப் பார்த்திருக்கும்" என்றது ஒயர்.