சுண்ணாம்பு ஏறிய கம்பி

மலேசியாவின் புக்கிட் செலம்பாவ் தோட்டத் தொழிலாளர் வீடு ஒன்றின் குளியலறையில், சுவரிலிருந்து கழற்றிய ஹீட்டரைப் பழுதுபார்க்க வந்த திவாகரன் திறக்கிறான். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பியே தெரியவில்லை. விரல் தடிமனுக்குச் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் பாறையில் தட்டிய சத்தம். கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள் காளியம்மாவுக்கு வாங்கிக் கொடுத்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. “வாரண்டி இருக்குல்ல தம்பி?” என்று அவள் கேட்கிறாள். “மிஷின் மேல தப்பு இல்லக்கா. ஒங்க பைப் தண்ணி அப்படி. அதுக்கு வாரண்டி கெடையாது.” அவள் உள்ளே போய்த் தேநீர் கொண்டு வருகிறாள். பால் ஊற்றாத அந்தத் தேநீரின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை, ஜன்னல் வெளிச்சத்தில் எண்ணெய்போல் மின்னுகிறது. அவன் கோப்பையைப் பார்க்கிறான். பிறகு கம்பியைப் பார்க்கிறான். “இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்கா.” காளியம்மா கோப்பையை அவன் பக்கம் நகர்த்துகிறாள். “சும்மா குடிங்க தம்பி. நாப்பது வருசமா நாங்க இதத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு எவன் வாரண்டி கொடுத்தான்?”