முட்டி மடக்காத நெடியாள்

மூட்டுக்கு மூட்டு உருண்டை வைத்து, கை கால் மடங்கும் பொம்மைகள் விற்கும் கடை அது. அங்கே நெடியாள் என்ற பொம்மைதான் எல்லோரையும்விட உயரம். அதில் ஓர் அங்குலம் குறைந்துவிடுமோ என்று அவள் ஒருநாளும் முட்டியை மடக்கியதில்லை. வருகிறவர்களோ, "அம்மாடி, இதை வீட்டுல எங்க வைக்கிறது!" என்று சொல்லிவிட்டுச் சின்னதாக ஒன்றை வாங்கிப் போவார்கள்.

அன்று வந்த பெண், பையிலிருந்து சிட்டு என்ற ஒரு சாண் பொம்மையை எடுத்தாள். "இவளுக்குத்தான் ஒரு துணை வேணும்" என்று நெடியாளின் காலடியில் நிறுத்தினாள்.

சிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அக்கா, உங்க முகமே தெரியல. முட்டிதான் தெரியுது."

நெடியாளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணோ அதற்குள் குட்டிப் பொம்மைகள் பக்கம் திரும்பிவிட்டாள். நெடியாள் பல்லைக் கடித்துக்கொண்டு முட்டியை மடக்கினாள். மூட்டுகளைச் சேர்த்து உள்ளே இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் முனகியது. பொத்தென்று உட்கார்ந்தாள். சிட்டு தாவி மடியில் ஏறிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் திரும்பிய பெண் சிரித்துவிட்டாள். "சரிதான், நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

கடையை விட்டுப் போகும்போது சிட்டு அலமாரியைப் பார்த்துக் கத்தினாள்: "பாத்துக்கங்க, எங்கக்கா உக்காந்தாலே இவ்வளவு உயரம்!"