இரண்டுக்கும் ஒரே ஈரத்துணி

அப்பா விட்டுப்போன மோட்டார் சைக்கிளுக்குப் பழைய இரும்புக்காரர் எட்டாயிரம் சொல்கிறார். அப்பாவை எடையில் சேர்க்கவில்லை. சூடானால் ஸ்டார்ட் ஆகாத வண்டி; எஞ்சின் சூட்டிலும் ஸ்டார்ட் ஆனால் வீட்டில் இருக்கட்டும், இல்லையென்றால் ஐந்து மணிக்கு அவரோடு போகட்டும் என்பது அம்மா வைத்த கெடு. ஊரைச் சுற்றிவந்த எஞ்சின் கொதிக்கிறது. மகள் எத்தனை உதைத்தாலும் பிளக்கில் பொறி இல்லை. மெக்கானிக் டாங்குக்கடியில், பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்மேல் ஈரத்துணியைச் செருகுகிறார். சொட்டு எஞ்சினில் விழுந்து சுர்ரென்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒரே உதை, வண்டி உறுமுகிறது. “காயில்தான் போச்சும்மா!” என்கிறார் மெக்கானிக். அவள் குனிந்து பார்க்கிறாள். துணி பக்கத்திலிருக்கும் கண்டென்சரையும் சேர்த்துப் போர்த்தியிருக்கிறது; அது சூட்டில் கெட்டாலும் பொறி வராது. “அப்போ எது குளிர்ந்து கிளம்புச்சுண்ணே?” மெக்கானிக் தலையைச் சொறிகிறார், நெற்றியெல்லாம் கிரீஸ். இரும்புக்காரர் கொட்டாவி விடுகிறார். எதை மாற்றினாலும் மறுபடி சூடேற்றிப் பார்க்க அரை மணி வேண்டும். ஐந்து மணிக்குக் கையிலிருப்பது கால் மணி. குறைவது கால் மணி.