குதிகால் கொப்புளம்

குழந்தை ஹினேயின் குதிகாலில் இருந்த கொப்புளம் ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. அதற்கு நியாயம் கேட்க நாற்பது பேர், ஈட்டியும் தடியுமாக, படகுகளில் வந்து இறங்கியிருந்தார்கள்.

சைலஸ் சுவரைத் தடவினான். ஆணி இருந்தது, துப்பாக்கியைக் காணோம். “பாரே! துப்பாக்கி எங்க?”

“ஈரமா இருந்துச்சேன்னு எண்ணெய் போட்டு வாசல்ல சாத்தி வச்சேன்” என்றாள் மனைவி பாரே.

வாசலில்தான் அந்த நாற்பது பேரும் நின்றார்கள்.

காலையிலிருந்தே அவள் போக்கு சரியில்லை. விடிந்ததும் குழியடுப்பில் மூன்று கூடை சர்க்கரைவள்ளிக்கிழங்கும் விலாங்கு மீனும் வைத்து மூடினாள். “ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?” என்று கேட்டதற்கு, “பசிக்கும்ல” என்றாள்.

சைலஸ் கப்பலை விட்டு ஓடிவந்த மாலுமி. ஹோகியாங்காக் கழிமுகத்தின் இந்தக் கரையில் கடை போட்டு, அந்தக் கரை மாவோரித் தலைவர் பொகாயின் தங்கை மகளைக் கட்டி நாலு வருஷம் ஆகிறது. அங்கே ஒருவன் தப்புச் செய்தால் பெண் வீட்டார் படை திரட்டி வந்து வீட்டையே வழித்துக்கொண்டு போவார்கள். சைலஸ் வீட்டுப் படியை மட்டும் இதுவரை எந்தப் படையும் மிதித்ததில்லை. “மாவோரிகளுக்கு என்னைக் கண்டா பயம்” என்று வருகிற கப்பல்காரனிடமெல்லாம் மார்தட்டியிருக்கிறான்.

அந்த மார் இப்போது தானாகவே அடித்துக்கொண்டது.

வந்தவர்கள் தொடையில் அறைந்து, நாக்கைத் துருத்தி, தரை அதிரப் போர் நடனம் ஆடி முடித்தார்கள். பொகாய் முன்னால் வந்தார்.

“ஏய் வெள்ளைக்காரா! எங்க பிள்ளைய நெருப்புல தள்ளினியா?”

“தள்ளலைங்க! அதுவாத் தவழ்ந்து போய்த் தணல்ல கால வச்சிருச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பிப் புகைக்குழாய் பத்த வச்சுக்கிட்டிருந்தேன்...”

“கேட்டுக்கோங்கப்பா! இவருக்குப் புகைதான் முக்கியமாம். பிள்ளை அப்புறமாம்!”

பொகாயின் தடி சைலஸின் தோளில் இறங்கியது. வலிக்கவில்லை, சட்டைதான் கிழிந்தது. அவர் பெரிய வேலையை முடித்தவர்போலப் பின்னால் திரும்பி, “ம், ஆகட்டும்” என்றார்.

மூன்று இரும்புப் பானைகளும் போயின. கோடரிகள், கம்பளிகள், புகையிலைப் பெட்டி எல்லாம் போயின. பன்றி ஊரைக் கூட்டிக்கொண்டே போனது. ஒரு பெரியவர் கதவைக் கழற்ற ஆரம்பித்தார்.

“ஐயா, கதவு எதுக்கு?”

“உள்ளதான் ஒண்ணும் இல்லையே, உனக்கு எதுக்கு?”

கோடரியும் கம்பளியும் கொடுத்தால்தான் ஊரார் கயிறு திரிக்கிற நார் கொடுப்பார்கள். நார் ஏற்றினால்தான் சிட்னிக் கப்பல் அடுத்த சரக்கை இறக்கும். நாலு வருஷப் பிழைப்பு தலைச்சுமையாகப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“பாரே, உன் மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்!”

பாரே சொன்னாள். “மாமா, பரண்ல இன்னும் ரெண்டு கோடரி இருக்கு.”

பயத்தில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சைலஸ் முடிவு செய்தான்.

அடுப்பைத் திறந்து அவள் பரிமாற, நாற்பது பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கொள்ளையடித்த கம்பளிகளில் ஒன்றைக் குழந்தைக்குப் போர்த்திவிட்டு, பொகாய் தங்கள் வழக்கப்படி சைலஸின் மூக்கோடு மூக்கை அழுத்தினார். “அப்போ வர்றேன், மாப்ளே.”

படகுகள் மறைந்தன. கதவில்லாத வீட்டின் வெறுந்தரையில் சைலஸ் உட்கார்ந்தான். பாரேயின் கண்கள் கலங்கியிருந்தன.

“அழு, நல்லா அழு. எல்லாம் போச்சு.”

“பன்றியையும் பிடிச்சுட்டுப் போயிட்டாங்கல்ல?”

“ஆமா.”

“கதவையும்?”

“ஆமாம்மா!”

பாரே மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். “எங்க அக்கா புருஷனுக்குக்கூடக் கதவை விட்டுட்டுத்தான் போனாங்க.”

சைலஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இதுல என்ன பெருமை?”

“யோவ், மதிப்பில்லாதவன் வீட்டுக்கு எந்தப் படை வரும்? நாலு வருஷமா ஒரு ஈ காக்கா வரல. சிப்பி பொறுக்கப் போற எடத்துல எல்லாம், ‘உன் வீட்டுக்காரன் ஒரு ஆளே இல்லபோல’ன்னு அவளுக கேக்காத நாளில்ல. இன்னைக்கு மாமா வாயால மாப்ளேன்னு வந்துச்சே, காதுல விழுந்துச்சா இல்லையா?”

விழுந்திருந்தது. இவ்வளவு காலமும் அவர் வாயில் அவன் வெறும் ‘வெள்ளைக்காரா’தான். சைலஸ் தன் மூக்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். இன்னும் சூடாக இருந்தது.

அப்புறம்தான் அது உறைத்தது.

“அது சரி. நேத்து மத்தியானம் பட்ட காயம். பாத்தது நீயும் நானும்தான். தண்ணி தாண்டி அவங்களுக்கு யாரு சொன்னா?”

பாரே குனிந்து குழந்தையின் குதிகாலை இதமாக ஊதினாள்.

“நான்தான்யா படகுல போய்க் கூப்பிட்டேன்.”