மீன் அறைக்குள் மேனேஜர்

"ஏங்க, மேனேஜர் மீன் அறைக்குள்ள மாட்டிக்கிட்டார். திறந்து வெச்சிருந்த கதவு தானா சாத்திக்கிச்சு, திறக்க மாட்டேங்குது."

போனில் மனைவி சொன்னதும் ஆபரேட்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவி, அடக்கக்கூட நினைக்கவில்லை.

சிரிக்காமல் என்ன செய்வான்? குளிர்பதனக் கிடங்கில் மீன் அறையின் உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கிடக்கு, மாத்துங்க சார் என்று தொண்டை வறளக் கத்தியவன் அவன்தான். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று போய்விட்டார் மேனேஜர். அந்தக் கதவுக்குச் சாவி கிடையாது. கன்ட்ரோல் ரூமில் இவன் முன்னால் இருக்கும் கம்ப்யூட்டர் சொன்னால்தான் திறக்கும்.

"தன் வினை தன்னைச் சுடும்பாங்க. இவரை நடுங்க வெச்சிருக்கு!" என்றான். "நீ எங்கே இருக்கே?"

"கதவுகிட்டதான். உள்ள மைனஸ் இருபதுங்க. எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்க, உங்களை விட்டா ஆள் இல்ல. சீக்கிரம் திறங்க."

அவள் அதே கிடங்கில் கம்ப்யூட்டர் பிரிவு. கதவு திறக்கும் ஸ்கிரிப்ட்டை எழுதியதே அவள்தான். ஓட்டினால் எந்தக் கதவு என்று கேட்கும், பெயரை அடித்தால் திறக்கும், அவ்வளவுதான் வேலை.

'மீன் அறை' என்று அடித்தான். திரையில் இரண்டு வரிகள் வந்தன. 'மீன்: அப்படி ஒரு கதவு இல்லை. அறை: அப்படி ஒரு கதவு இல்லை.'

"என்னம்மா இது? ஒரு கதவைக் கேட்டா ரெண்டு கதவு இல்லேங்குது?"

"காலையில மேனேஜர் கதவோட பேரை மாத்தினாரே, அதான். முன்னாடி 'அறை3'னு ஒட்டி இருந்துச்சு, இப்ப நடுவுல இடம் விட்டிருக்கு. கம்ப்யூட்டர் ரெண்டு பேர்னு பிரிச்சுக்குது. தப்பு என்னோடதுங்க. இப்படி வரும்னு நினைச்சு அப்பவே கோட்ஸ், அதான் மேற்கோள் குறி, போட்டிருக்கணும்."

"உன் தப்பு என்ன இதுல? பேர் அழகா இருக்கணும்னு குதிச்சது யாரு? கொஞ்ச நேரம் கிடக்கட்டும். ஒரு டீ குடிச்சிட்டு வந்து அடிக்கிறேன்."

"வேண்டாங்க," என்றாள். "கதவைத் தட்டித் தட்டிக் கையெல்லாம் மரத்துப் போச்சு. உட்கார்ந்தா தூக்கம் தூக்கமா வருது."

"அவருக்கா? ஆபீஸ்லயும் அப்படித்தானே!"

"உயிருங்க அது!"

ஆபரேட்டருக்குச் சுருக்கென்றது. ஆகாதவர் என்றாலும் மனுஷன்தானே. டீ நினைப்பை விட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.

"சரி, கோவிச்சுக்காதே, சொல்லு. ஏன் உன் குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?"

"சிக்னல் சரியில்ல. ஸ்கிரிப்ட்டைத் திறங்க. மூணாவது வரியில டாலர் குறி போட்டு டோர்னு இருக்கா?"

"இருக்கு."

"அது ஒரு டப்பா மாதிரி. நீங்க அடிக்கிற பேர் அதுக்குள்ள போய் உட்காரும். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கோட்ஸ் போட்டுட்டு மறுபடி ஓட்டுங்க."

போட்டான். விரல் கொஞ்சமும் பிசகவில்லை. மேனேஜருக்காகப் பதறுகிற விரலா அது?

'$door: அப்படி ஒரு கதவு இல்லை.'

"இப்ப டாலர் டோர்னு கதவே இல்லையாம். அது எனக்கே தெரியுமே!"

"ஐயோ, சிங்கிள் கோட்ஸா போட்டீங்க?"

"ஆமா. எல்லாம் கோட்ஸ்தானே?"

"இல்லைங்க! சிங்கிள் போட்டா டப்பாவைத் திறக்காது, மேல ஒட்டின பேரையே படிச்சிட்டு நிக்கும். டபுள் போட்டாத்தான் உள்ள இருக்கிறதை எடுக்கும், எடுத்ததைப் பிரிக்காம முழுசா வெச்சுக்கும். சீ… சீக்கிரம்…"

அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"நீ ஏன் இப்படிப் பயந்து சாகுறே? அவருக்குத் தோல் தடிமன், தாங்குவார்," என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே அழித்துவிட்டு டபுள் கோட்ஸ் போட்டான். ஓட்டினான். பெயரை அடித்தான். போனில் மூச்சு மட்டும் கேட்டது.

'மீன் அறை: திறந்தது.'

"திறந்தாச்சு!" என்று கத்தினான். போன் கட்டாகியிருந்தது.

ஆபரேட்டர் நிதானமாக எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். மேனேஜர் விறைத்துப்போய் வெளியே வரும் அழகைப் பார்க்காமல் விடுவானா? கைப்பிடியை அடுத்த மாசமே மாத்திக்கலாமா சார் என்று கேட்பதற்கு, வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி படி இறங்கினான்.

பாதிப் படியில் எதிரே ஏறி வந்தார் மேனேஜர். கையில் சாப்பாட்டுப் பை, நெற்றியில் வியர்வை.

"என்னப்பா, சென்சார் பார்க்க உன் சம்சாரத்தை மீன் அறைக்கு அனுப்பினேனே, வேலை முடிஞ்சுதா?"

ஆபரேட்டர் அவரை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். செருப்பு ஒன்று படியிலேயே கழன்று கிடந்தது.

திறந்த கதவுக்கு வெளியே தரையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். புருவத்தில் பனி, உதடெல்லாம் நீலம். அவள் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு அழுதேவிட்டான்.

"ஏம்மா, மேனேஜர்னு எதுக்குப் பொய் சொன்னே?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நான்தான் உள்ள இருக்கேன்னு சொல்லியிருந்தா, உங்களுக்குக் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது."